பெண்களின் வேலையின்மை 3.2 சதவீதம்: இந்த எண்ணை எப்படி வாசிப்பது?

ஒன்றிய அரசின் 2023-24ஆம் ஆண்டுக் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களின் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம். 2017-18இல் அது 5.6 சதவீதமாக இருந்தது. இதே காலத்தில் உழைப்புப் படையில் பெண்களின் பங்கேற்பு 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதமாக உயர்ந்துள்ளது. பெண்களின் வேலைப் பிரச்சினை தீர்ந்துவருகிறது என்பதற்கு இவ்விரு எண்களும் சான்றாக முன்வைக்கப்படுகின்றன. இவற்றை ஏற்பதாயினும் மறுப்பதாயினும், இவை எதை அளக்கின்றன என்பதை நாம் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

வேலையின்மை எப்படிக் குறைகிறது?

வேலையில் இருப்போரும், வேலை தேடுவோரும், கிடைத்தால் செய்ய ஆயத்தமாக இருப்போரும் சேர்ந்ததே உழைப்புப் படை. பங்கேற்பு விகிதம் எல்லாப் பெண்களையும் அடிப்படையாகக் கொண்டது. வேலையின்மை விகிதமோ உழைப்புப் படைக்குள் இருப்போரை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது.

ஓர் ஊரில் 100 பெண்கள் இருப்பதாகக் கொள்வோம். 40 பேர் வேலையில் இருக்கிறார்கள். 5 பேர் தேடுகிறார்கள். வேலையின்மை 11.1 சதவீதம். தேடியவர்களுள் நால்வர் நம்பிக்கை இழந்து, 'வீட்டு வேலை செய்பவர்' என்று பதிவாகிவிட்டால் அது 2.4 சதவீதமாகிவிடும். எவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை. எண் மட்டும் குறைந்துவிட்டது.

யார் 'வேலையில் இருப்பவர்'?

மேற்கண்ட எண்கள் 'வழக்கமான நிலை' என்ற அளவுகோலின்படி வருபவை. ஓராண்டில் 30 நாள் துணைத்தொழிலாக உழைத்திருந்தாலே ஒரு பெண் வேலையில் இருப்பவராகிவிடுவார். நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று, எஞ்சிய மாதங்களில் வேலையின்றி இருப்பவரும் இதில் அடக்கம். 'நடப்பு வார நிலை' என்ற மற்றோர் அளவுகோலில், ஏழு நாள்களில் ஒரு மணிநேரம் உழைத்திருந்தால் போதும்.

மறுபுறம், சமையல், பிள்ளை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றோடு, வீட்டுத் தேவைக்காக விறகு பொறுக்குவதும் மாட்டுக்குப் புல் சேகரிப்பதும் உழைப்புப் படைக்கு வெளியே வைக்கப்படுகின்றன. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள்.

எந்த வேலை கூடியது?

வேலையில் இருக்கும் பெண்களுள் சுயதொழில் செய்வோரின் பங்கு 2017-18இல் 51.9 சதவீதம்; 2023-24இல் 67.4 சதவீதம். இதில் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோர் மட்டும் 36.7 சதவீதம். அதாவது, வேலையில் இருப்பதாகக் கணக்கிடப்பட்ட பெண்களுள் மூவரில் ஒருவருக்கு மேல் கையில் கூலி இல்லை. மாதச் சம்பள வேலையின் பங்கு 21 சதவீதத்திலிருந்து 15.9 சதவீதமாகவும், அன்றாடக் கூலி வேலையின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 16.7 சதவீதமாகவும் குறைந்துள்ளன.

இங்கேதான் சாதி நுழைகிறது. நிலமோ கடையோ உள்ள குடும்பத்தில்தான் 'குடும்பத் தொழிலில் உதவுபவர்' என்ற இடம் பெரிதும் உண்டு. நிலமற்ற தலித் பெண்களுக்கு உள்ளவை வயல் கூலியும் கட்டட வேலையும் துப்புரவுப் பணியுமே. பங்கேற்பு விகிதத்தில் அவர்கள் முன்னேறிய சாதிப் பெண்களைவிட நெடுங்காலமாகவே மேலே இருக்கிறார்கள். அது விடுதலையின் அடையாளம் அன்று. உழைக்காமல் ஒரு நாளும் கழியாத வறுமையின் அடையாளம். ஆகவே பங்கேற்பு உயர்வதையே முன்னேற்றமாகக் கொள்ளும் அளவுகோல், தலித் பெண்களின் நிலையைத் தலைகீழாகக் காட்டும்.

நாம் கேட்க வேண்டியவை

ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான வாழ்வாதாரத்தையும் சம வேலைக்குச் சம ஊதியத்தையும் அரசு பின்பற்ற வேண்டிய நெறியாக அரசமைப்பின் 39ஆம் பிரிவு விதிக்கிறது. வேலையின்மை விகிதம் குறைவதால் மட்டும் அந்நெறி நிறைவேறிவிடாது. ஓர் எண் நம்முன் வைக்கப்படும்போது மூன்று கேள்விகளை எழுப்புவோம்: எந்த அளவுகோல்? எவ்வகை வேலை, என்ன கூலி? எந்தச் சாதிப் பெண்கள்?

தலைப்புச் செய்தியாகும் எண்ணில் சாதி இருப்பதில்லை. ஆனால் கணக்கெடுப்பின் மூலத் தரவுகளில் சமூகப் பிரிவு பதிவாகிறது. அவற்றைப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் பெறலாம். பொருளியலும் புள்ளியியலும் பயிலும் மாணவர்கள் சாதி, பாலினம், வேலை வகை மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தந்தால், கூலி உரிமைக்கான மனுவிலும் வழக்கிலும் அது வலுவான சான்றாகும்.