புகையில்லாத வண்டி

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. என் தாத்தா காலத்திலும் இல்லை. என் காலத்திலும் இல்லை. ரயிலேற வேண்டுமானால் 30 கிலோமீட்டர் தள்ளி அரியலூருக்குப் போகவேண்டும். 1943-ஆம் வருஷத்தில் ஒரு நாள் தாத்தா அப்படித்தான் புறப்பட்டார். பட்டணத்தில் அவருடைய தம்பி படுத்த படுக்கையாகக் கிடப்பதாகத் தந்தி வந்திருந்தது. ராத்திரி ரயிலுக்குப் பகலிலேயே பஸ் ஏறிவிட்டார். ஏறியது கரி பஸ்.

கரி பஸ்ஸை இன்றைய வாசகர்கள் பார்த்திருக்க நியாயமில்லை, நானும் பார்த்ததில்லை. 1941-ல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. மறு வருஷம் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போகவே, அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. பஸ் முதலாளிகள் என்ன செய்வார்கள்? வண்டியின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையை மாட்டினார்கள். அதில் அடுப்புக் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, காற்றை அளவாக விட்டால் கரி முழுக்க எரியாமல் ஒருவித வாயுவைக் கக்கும். அதை வடிகட்டி, ஆறவைத்து, எஞ்சினுக்குள் அனுப்பினால் வண்டி ஓடும். மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்கார் கம்பெனியார் இந்தச் சாதனத்தைத் தாங்களே செய்து விற்றார்கள். ஓடும் என்றேனே தவிர, விரைந்து ஓடும் என்று சொல்லவில்லை. எஞ்சினின் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். புறப்படுவதற்கு அரைமணி முன்னதாகவே ஒரு பையன் துருத்திச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பான். மேடு வந்தால் கண்டக்டர், “ஐயா, கொஞ்சம் இறங்கிக் கை கொடுங்க” என்பார். டிக்கெட் வாங்கினவர்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள்.

தாத்தாவும் தள்ளினார். பாதி வழியில் ஒரு மேட்டில் வண்டி நின்றேவிட்டது. சாம்பலைக் கிளறி, கரி போட்டு, மறுபடி சுற்றி, அரியலூர் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மறுநாள் ரயிலில் போனார். தம்பியின் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. ஆயுள் முழுவதும் இதைச் சொல்லும்போது ஹிட்லரைத் திட்டுவாரே தவிர, அந்த பஸ்ஸைத் திட்டமாட்டார். “அது என்ன பண்ணும், பாவம்! வாய்க்கரிசி மாதிரி ஒரு பிடி கரியைப் போட்டா எப்படி ஓடும்?” என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தாத்தா பட்டணத்தில் இறங்கி ஏறிய டிராம் வண்டிக்குக் கரியும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். மேலே கம்பி, கீழே தண்டவாளம், அவ்வளவுதான்! சென்னையில் மின்சார டிராம் 1895-ஆம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். கல்கத்தாவில் மின்சார டிராம் வந்தது 1902-ல். நம்மை ஆண்ட லண்டன்காரனே 1901 வரையில் குதிரை டிராமில்தான் பெரும்பாலும் போய்க்கொண்டிருந்தான் என்றால் நம்புவீர்களா? முதலில் சென்னையில் கம்பி மேலே இல்லை. தெருவுக்கு அடியில் ஒரு கால்வாய் வெட்டி, அதற்குள் மின்சாரத்தை ஓடவிட்டிருந்தார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் ஐப்பசி மழையைப் பற்றி அந்த எஞ்சினீயர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கால்வாயில் வெள்ளம் புகுந்து படாதபாடு பட்ட பிறகு கம்பியைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். 1921-ல் 97 வண்டிகள் 24 கிலோமீட்டர்த் தண்டவாளத்தில் ஓடின. பிறகு நஷ்டம், தகராறு, பஸ்ஸின் போட்டி. 1953 ஏப்ரலில் ஒரு நள்ளிரவோடு எல்லாம் முடிந்தது. தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். அன்று டிராமைப் பழசு என்றும் டீசல் பஸ்ஸைப் புதுசு என்றும் நினைத்தார்கள். அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்டவாளமும் கம்பியும் இல்லாமல் பாட்டரியில் ஓடும் பஸ்ஸாவது புதுசா என்றால், அதுவும் இல்லை. 1907 ஜூலையில் லண்டன் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து லிவர்பூல் தெருவுக்கு அப்படிப்பட்ட பஸ்கள் ஓடின. ஒன்றரை டன் எடையுள்ள பாட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்ட மூன்று நிமிஷம் போதுமாம். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கம்பெனியை நடத்தியவர்கள் பங்குதாரர் பணத்தில் கை வைத்தார்கள். 1910 தொடக்கத்திலேயே கதை தீர்ந்தது. பாட்டரி செய்யாத துரோகத்தை மனிதன் செய்தான். 2019 ஆகஸ்டில் சென்னையில் சென்ட்ரலுக்கும் திருவான்மியூருக்கும் இடையே ஒரு மின்சார பஸ்ஸைச் சோதனைக்கு விட்டபோது அதிலும் பாட்டரியைக் கழற்றி மாற்றும் ஏற்பாடு இருந்தது. பத்திரிகையில் அதைப் புத்தம் புதிய யுக்தி என்று படித்து எனக்குச் சிரிப்பு வந்தது.

சோதனை முடிந்து நிஜமாகவே வண்டிகள் வந்தது 2025 ஜூன் 30-ந் தேதி. வியாசர்பாடி டிப்போவில் முதலமைச்சர் ஸ்டாலின் 120 மின்சார பஸ்களைத் தொடங்கி வைத்தார். நானும் ஏறிப் பார்த்தேன். படி தாழ்வாக இருக்கிறது. கிழவிகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகவேண்டியதில்லை. சத்தமும் இல்லை. பக்கத்து ஸீட்டுக்காரர் தம் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்ன முழு விருத்தாந்தமும், வேண்டாமென்றாலும், காதில் விழுந்தது.

ஆனால் எங்கள் பக்கத்துக்காரனுக்கு ஒரு சந்தேகம் எழாமல் இராது. பட்டணத்தில் போடாத புகையை எங்கே போடுகிறார்கள்? அன்றைய டிராமின் மின்சாரமே நிலக்கரியை எரித்து எடுத்ததுதான். இன்று காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகியிருந்தாலும் நிலக்கரி போய்விடவில்லை. 1990-களில் அரியலூர்ப் பக்கம் ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சார நிலையம் கட்டுவதாக ஏராளமான நிலத்தைக் குடியானவர்களிடமிருந்து எடுத்தார்கள். நிலையம் வரவேயில்லை. வழக்கு மேல் வழக்காக நடந்து, ஒரு தலைமுறை கழித்து நிலத்தைத் திருப்பித் தருவதென்று சர்க்கார் முடிவு செய்தது. வயலைப் பறிகொடுத்தவனுக்கு நடுவில் போன வருஷங்களை யார் திருப்பித் தருவது? மின்சார பஸ் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதே கரியை எரித்தாலும் மின்சார மோட்டார் வீணாக்குவது சொற்பம். டீசல் எஞ்சினோ ஊற்றின எண்ணெயில் பாதிக்குமேல் வெறும் சூடாக விட்டுவிடும். பஸ் வரட்டும். கணக்கில் ஜெயங்கொண்டமும் இருக்கட்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அரியலூர் மண், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலடியில் இருந்த மண். தோண்டினால் சிப்பியும் சங்கும் கல்லாகக் கிடைக்கும். அந்தச் சுண்ணாம்புக் கல்தான் சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனி. ஊர் ஊராகப் பாலமும் மாடியும் எழும்ப, கல் லாரிகள் எங்கள் ரஸ்தாவில் ராப்பகலாகப் போகின்றன. புழுதியும் டீசல் புகையும் எங்களுக்கு. சென்ற மாதம் அரியலூரில் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்து நின்ற அரைமணியில் என் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகிவிட்டது.

பட்டணத்து பஸ் ஒரு தடவை மின்சாரம் ஏற்றிக்கொண்டால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய்த் திரும்ப 60. மூன்று நடை அடிக்கலாம். இன்னும் 20 கிலோமீட்டர் கையிருப்பு. சோதிக்க விரும்புகிறவர்கள் ஒரே ஒரு வண்டியை இந்தப் பாதையில் விட்டுப் பார்க்கட்டும். தாத்தா இறங்கித் தள்ளின மேடு இன்னமும் அங்கேதான் இருக்கிறது.