பேலியகொடையிலிருந்து வுல்பெண்டால் மேடு வரை

இலங்கைத் தமிழர் வரலாற்றினை ஆராயப் புகுவோர் நல்லூரையும் திருகோணமலையையும் மட்டக்களப்பையும் நோக்கிச் செல்வரேயன்றிக் கொழும்பை நாடுதல் அரிது. கொழும்புத் தமிழர் பிழைப்பின் பொருட்டு வந்து தங்கியோர் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருத்தலே இதற்குக் காரணம் எனலாம். அவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமானது என்பதை அறிய ஏடுகளைப் புரட்டுவதற்கு முன் ஒரு வழியினை நடந்து பார்த்தல் நன்று. பேலியகொடையிலிருந்து களனியாற்றைக் கடந்து, கொட்டாஞ்சேனை மேட்டிலேறி, வுல்பெண்டால் தேவாலயத்தை அடையும் வழியே அது.

பேலியகொடை ஆற்றின் வடகரையிலுள்ள தாழ்நிலம். 1875இல் இங்கு நிறுவப்பெற்ற வித்தியாலங்காரப் பிரிவேனா 1959இல் பல்கலைக்கழகமாகி, இன்று களனிப் பல்கலைக்கழகமாகத் திகழ்கின்றது. ஆற்றின் மறுகரையைப் போர்த்துக்கேயர் பெருந்துறை என்னும் பொருள்படத் தம் மொழியில் வழங்கினர். அதுவே ஆங்கிலேயர் வாயில் கிராண்ட்பாஸ் ஆயிற்று. தமிழ் வழக்கிலோ பாலத்துறை என்ற பெயர் உண்டு. துறையில் முன்னர் ஓடமே ஓடியது. 1822இல் படகுகளைப் பிணைத்த மிதவைப் பாலமும், 1895இல் விக்டோரியா இரும்புப் பாலமும் எழுந்தன. துறையும் பாலமும் ஒரு பெயருள் அடங்கியமை நோக்கற்பாலது.

ஆற்றங்கரையை விட்டு அகன்றபின் நிலம் மெல்ல உயர்கின்றது. இம்மேட்டின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு ஓருண்மையை மனங்கொளல் வேண்டும்: இது கோட்டை மதிலுக்கு வெளியே இருந்தது. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். கோட்டைக்குள் இடமற்றவர்க்கு மதிலின் புறமே புகலிடமாயிற்று. கொச்சியிலிருந்து வந்த குருவானவர் ஒருவர் மறைந்து வாழ்ந்து பணியாற்றினார் என்னும் மரபுச் செய்தி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தைச் சார்ந்து வழங்குகின்றது. பின்னர் 19ஆம் நூற்றாண்டில், அதே கத்தோலிக்கர் இம்மேட்டிலே புனித லூசியாள் பேராலயத்தைப் பெருங்குவிமாடத்துடன் எழுப்பினர்.

ஒல்லாந்தரும் தமக்கெனத் தெரிந்தெடுத்தது மேட்டின் உச்சியையே. வுல்பெண்டால் தேவாலயப் பணி 1749இல் தொடங்கி, 1757இல் ஆலயம் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்தடிப் பருமனுள்ள அதன் சுவர்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது பெயரின் பொருள். ஈழத்திலோ ஓநாய் இல்லை. குவாதலூப்பே மாதாவின் பெயரால் போர்த்துக்கேயர் அமைத்த சிற்றாலயத்தின் பெயர் திரிந்தே இவ்வாறாயிற்று என்பர்.

தமிழ் மாணவர் இவ்விடத்தில் சற்றே தரித்து நிற்றல் தகும். இத்திருச்சபையின் குருவாய் விளங்கிய பிலிப்பு தெ மெல்லோ 1723இல் கொழும்பிலே பிறந்த தமிழர். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பிலேயே அச்சேறியது. ஆறுமுக நாவலர் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தின் முன்னரே இந்நகரில் தமிழ் அச்செழுத்து ஓடியது! 1859இல் வெளிவந்த ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலில் அவரது வரலாற்றையும் சேர்த்த சைமன் காசிச்செட்டி, கொழும்புச் செட்டி மரபினராதலும் இங்குக் கருதத்தக்கது.

மேட்டைச் சூழவுள்ள தெருக்களும் இச்சான்றையே பகர்கின்றன. புதுச்செட்டித் தெரு, வணிகரின் கதிரேசன் கோயில்கள் விளங்கும் செட்டியார் தெரு, தமிழ் அங்கிலிக்கருக்கென 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஜிந்துப்பிட்டித் தோமையார் ஆலயம் என்பன அவற்றுட் சில. பொன்னம்பல முதலியார் கட்டிய பொன்னம்பலவாணேசுவரம், அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கற்றளியாயிற்று. 1902இல் தோன்றிய விவேகானந்த சபை நிலைபெற்ற ஏற்றம் விவேகானந்த மேடு எனவே வழங்கப்படுகின்றது.

இவ்வயலமைதி என்றும் குலையாதிருந்தது எனக் கூறுதல் உண்மைக்கு மாறாகும். 1883இல் பௌத்தரின் ஊர்வலமொன்று கொட்டாஞ்சேனையில் தாக்கப்பட்டு, கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இடையே கலகம் மூண்டது. சரியாக நூறாண்டுகள் கழித்து, 1983 யூலையில், கொழும்புத் தமிழரின் இல்லங்களும் கடைகளும் தீக்கிரையாயின. 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்து வழிபட வந்தோர் மாண்டனர். ஆயினும் ஒவ்வொரு முறையும் மக்கள் இத்தெருக்களுக்கே மீண்டனர். வந்து தங்கியோர் மட்டுமாயின் இங்ஙனம் மீளார்.

மேட்டின் உச்சியிலிருந்து துறைமுகத்தைக் காணும் காட்சி ஒருகாலத்தில் பரந்து கிடந்தது. கடலில் வரும் கப்பலோட்டிகளுக்குத் தேவாலயமே அடையாளமாய் விளங்கியது. 1885இல் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் நிறைவுற்றபின் கொழும்பு பெருந்துறைமுகமாக வளர்ந்தது. இன்றோ உயர்ந்த கட்டடங்களுக்கிடையே பாரந்தூக்கிகளும் கடலின் சிறு துண்டும் தென்படும். காட்சி குறுகியமை நகர வளர்ச்சியின் விளைவு. அதற்கு வருந்திப் பயனில்லை. பார்வை குறுகுதலே வருந்தத்தக்கது. நல்லூரின் வரலாற்றை எழுதிய தமிழுலகு, தமிழ் நூல் அச்சேறிய இந்நகரத்து மேட்டின் வரலாற்றை முழுமையாக எழுதுதல் வேண்டும். ஆலயப் பதிவேடுகளும் கல்லறைக் கல்வெட்டுகளும் கோயில் ஆவணங்களும் அதற்குரிய மூலங்களாகும். அவை செல்லரிக்குமுன் அப்பணியைத் தொடங்குதல் பல்கலைக்கழக மாணவரின் கடமையாகும்.