நாய்க்கு ஒரு மூலை

எங்க ஊர்ல நாயை யாரும் வாக்கிங் கூட்டிட்டுப் போனது கிடையாது. அது பாட்டுக்குத் தெருவைச் சுற்றிவிட்டு, சோத்து நேரத்துக்கு வாசல்ல வந்து நிற்கும். அதனால் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஒரு பெரியவர் ஒரு கையில் நாய்க்கயிறும் மறுகையில் பிளாஸ்டிக் பையுமாக (எதுக்குன்னு சொல்லணுமா?) நடந்து போனதை முதல் தடவை பார்த்தப்போ சிரிப்புதான் வந்தது. நாய்தான் அவரை இழுத்துக்கிட்டுப் போச்சு.

ஹெர்ஸ்ட் அவென்யூ ஓரமா வேலி போட்ட ஒரு சின்ன இடம். உள்ளே போய் கேட்டைச் சாத்திவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். அவ்வளவுதான், நாய் பறந்தது! அந்த இடத்தோட கதையைத் தேடிப் படித்த பிறகு எனக்குச் சிரிப்பு போயிடுச்சு.

பெர்க்லியும் ஒரு காலத்தில் நம்ம ஊர் மாதிரிதான் இருந்திருக்கு. 1960 வாக்கில் லுட்விக் என்று ஒரு நாய். தினமும் தானாகவே பல்கலைக்கழகத்துக்கு வரும். ஸ்ப்ரவுல் பிளாசா நீரூற்றில் இறங்கி நிற்கும், மாணவர்கள் கொடுப்பதைத் தின்னும். 1961ல் பல்கலைக்கழக நிர்வாகமே அந்த நீரூற்றுக்கு 'லுட்விக் நீரூற்று' என்று பெயர் வைத்துவிட்டது. இன்னிக்கும் அதான் பேர்.

அப்புறம் அமெரிக்க நகரங்கள் ஒவ்வொன்றா நாயைக் கட்டிப் பிடிக்கச் சொல்ல ஆரம்பித்தன. 1978ல் நியூயார்க்கில், நாய் போனதை வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்று சட்டமே வந்தது. நியாயம்தான். ஆனா கழுத்தில் கயிறு ஏறின நாய் எங்கே போய் ஓடும்?

சரி, அந்த இடத்துக்கு வருவோம். சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கு பார்ட் ரயில் வந்தபோது, பெர்க்லிக்குள் பெரும்பகுதியைப் பாலத்து மேலே ஓட்டத்தான் திட்டம். அது ஊரையே இரண்டாப் பிளக்கும் என்று மக்கள் எதிர்த்தார்கள். 1966ல் ஓட்டுப் போட்டு, கூடுதல் செலவைத் தாங்களே வரியாகக் கட்டுகிறோம் என்று சொல்லி, ரயிலைத் தரைக்கு அடியில் அனுப்பினார்கள். மேலிருந்து தோண்டி மூடும் சுரங்கம் அது. அதனால் ஹெர்ஸ்ட் அவென்யூ ஓரத்து வீடுகள் இடிந்தன. மிஞ்சியது ஒரு நீளமான வெத்து நிலம்.

1969ல் அதே ஊரில் இன்னொரு சண்டை. பல்கலைக்கழகம் வீடுகளை இடித்துவிட்டுச் சும்மா போட்டிருந்த ஒரு மனையில் ஊர்க்காரங்க செடி நட்டு 'பீப்பிள்ஸ் பார்க்' ஆக்கினார்கள். மே 15 அன்று அங்கே வேலி ஏறியது. கலவரம், துப்பாக்கிச் சூடு. ஜேம்ஸ் ரெக்டர் என்ற 25 வயது இளைஞர் குண்டடி பட்டு, நாலு நாளில் இறந்தார். கவர்னர் ரீகன் ராணுவக் காவல்படையை இறக்கினார். அங்கே நுழைய முடியாத கூட்டம், செடிகளைத் தூக்கிக்கிட்டு இந்த ரயில் நிலத்துக்கு வந்து நட்டது. பீப்பிள்ஸ் பார்க்குக்கு ஒரு 'கிளை' திறந்தாச்சு!

பத்து வருஷ இழுபறிக்குப் பிறகு 1979ல் அது முறையான பூங்கா ஆனது. அந்த மண்ணின் ஆதிக்குடிகளான ஓலோனிகள் பெயரையே வைத்தார்கள். அதே வருஷம் ஒரு மூலையில் வேலி போட்டு, இங்கே நாயை அவிழ்த்து விடலாம் என்றார்கள். அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்கா என்று பலரும் சொல்வது இதைத்தான். பிறகு இதே ஊரில், குப்பைமேட்டின் மேல் அமைந்த சீசர் சாவேஸ் பூங்காவிலும் 17 ஏக்கர் நாய்களுக்குக் கிடைத்தது.

நாய்க்கு இணக்கமான ஊர்னா எல்லாரும் நாயைக் கொஞ்சுற ஊர்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லை. குரைப்பு, புழுதி, நாத்தம்னு பக்கத்து வீட்டுக்காரர் படும் கஷ்டமும் நிஜம்தானே? ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, 'இந்த மூலை நாய்க்கு' என்று பொது நிலத்தில் கோடு போடுகிற ஊர்தான் அது. அதுக்கு முதலில் பொது நிலம் என்று ஒன்று மிஞ்சியிருக்கணும்.

அந்த பீப்பிள்ஸ் பார்க்கை, மாணவர் விடுதி கட்ட 2024 ஜனவரியில் கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிச் சுற்றி அடைத்துவிட்டார்கள். உயிர் போன இடம் பூங்காவாக நிலைக்கவில்லை. கிளை நிலைத்தது. கீழே ரயில் ஓடுது, மேலே நாய் ஓடுது.

அந்தப் பெரியவரை அப்புறமும் பார்த்தேன். இந்தத் தடவை நான்தான் கேட்டைப் பிடித்துத் திறந்துவிட்டேன்.