ஒளிப்பட மெருகுப்பூச்சு

ஒளிப்பட மெருகுப்பூச்சு என்பது அச்சிட்ட ஒளிப்படத்தின் மேல் தெளிவான பிசின் கரைசலைச் சீராகப் பூசி, தூசி, ஈரம், கீறல் ஆகியவற்றிலிருந்து காக்கும் முறையாகும். பேச்சு வழக்கில் இது வார்னிசு பூசுதல் எனப்படும். புற ஊதாக்கதிரை உறிஞ்சும் பொருள் கலந்த பூச்சு, நிறம் மங்குவதையும் தாமதப்படுத்தும்.

வரலாறு

1851 இல் பிரெடெரிக் இசுகாட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின் மேலிருந்த படலம் எளிதில் கீறப்பட்டது. எனவே சாண்டராக் பிசினைச் சாராயத்தில் கரைத்து அதன்மேல் பூசினர். டம்மர் போன்ற இயற்கைப் பிசின்கள் நாளடைவில் மஞ்சளாகும். அக்ரிலிக் பிசின்களில் இக்குறை மிகக் குறைவு.

செய்முறை

இன்று பெரும்பாலும் துணித்திரையில் மைத்தெளிப்பு முறையில் அச்சிட்ட பெரிய படங்களுக்கே கையால் பூசுகின்றனர். நிறமி மை அச்சை ஒரு நாளாவது உலரவிட வேண்டும். சாய மை நீரில் கரையக்கூடியது. நீர்ப்பூச்சு பட்டால் பரவிவிடும்.

படத்தைச் சமதளத்தில் கிடத்தித் தூசி நீக்குவர். பூச்சை ஓரத்தில் கோடாக ஊற்றி, நுரை உருளையால் ஒரே திசையில் இழுப்பர். ஈரமான விளிம்பு உலருமுன் அடுத்த பட்டை அதன்மேல் சற்றே ஏற வேண்டும். பாதி உலர்ந்த இடத்தில் மீண்டும் உருட்டினால் தடம் விழும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகளே சிறந்தவை. முதலாவது நீளவாட்டிலும், அது உலர்ந்தபின் இரண்டாவது குறுக்குவாட்டிலும் பூசப்படும்.

கரிசல் பகுதியில்

நாட்காட்டி ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) வாழ்ந்த கோவில்பட்டியை அடுத்துள்ள கயத்தாறு, காற்றாலைகள் நிறைந்த, காற்று மிகுந்த ஊராகும். இத்தகைய வறண்ட நிலத்தில் இரு இடர்கள் உண்டு: கரிசல் தூசி ஈரப்பூச்சில் ஒட்டிக்கொள்ளும், வெப்பத்தால் நீர்ப்பூச்சு விரைவில் உலர்ந்து தடம் விடும். கதவடைத்து, மின்விசிறியை நிறுத்தி, தரையில் நீர் தெளித்து, விடியற்காலையில் பூசுவது இவ்விரண்டையும் குறைக்கும்.

எச்சரிக்கை

வீடுகளில் மாலையிட்டு மாட்டியிருக்கும் முன்னோரின் பழைய வெள்ளி உப்புப் படங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றின் செலட்டின் படலம் ஈரத்தில் உப்பி இளகும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதனுடன் ஒட்டியும் விடும். ஒரே படிதான் உள்ளதெனில், மூலத்தில் எதையும் பூசாமல் மின்வருடிப் புதிய அச்செடுத்து, அதன்மேல் பூசுவதே பாதுகாப்பானது. மூலப்படத்தைக் கண்ணாடியில் படாதவாறு இடைவெளி விட்டுச் சட்டமிடலாம்.