காப்பிரி என்று நாம் கூப்பிட்ட அஸ்கரிகள்



வெள்ளவத்தைக்குப் போகும் வழியில் தினமும் நாம் கடக்கும் சென் பீற்றர்ஸ் கல்லூரி, இரண்டாம் உலக யுத்தத்தில் இராணுவ ஆஸ்பத்திரி. ரோயல் கல்லூரியையும் இராணுவம்தான் எடுத்திருந்தது. குதிரைப் பந்தயத் திடல் விமான ஓடுபாதையானது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது, கொட்டாஞ்சேனை அதற்குப் பக்கத்து வீடு மாதிரி. கொழும்புச் சனம் கூட்டம் கூட்டமாக வெளியூர்களுக்கு ஓடியது.

அப்போது இங்கே நின்றது வெள்ளைக்காரப் படை மட்டுமல்ல. அவுஸ்திரேலியர், இந்தியர், கென்யா, உகண்டா, தங்கனீக்கா, நியாசலாந்திலிருந்து வந்த ஆபிரிக்கரும் நின்றார்கள். அந்த ஆபிரிக்கச் சிப்பாய்களுக்கு இராணுவத்தில் பெயர் அஸ்கரி. அரபியில் அஸ்கர் என்றால் படை. நம் ஊரில் அஸ்கர் என்று பெயர் வைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! ஆனால் கறுப்பாக ஒரு ஆபிரிக்கரைக் கண்டால் நம் வாயில் வருவது 'காப்பிரி'. அது 'காஃபிர்' என்ற அரபுச் சொல், போர்த்துக்கேயர் வாய்வழி இங்கே வந்தது. அஸ்கரிகளில் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர்களுக்கும் நம் அடுப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. கூப்பன் வந்தது, பாணும் கோதுமை மாவும் நம் சாப்பாடாயின. அந்தப் பர்மாவை மீட்க, இலங்கையில் பயிற்சி எடுத்த 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷன் 1944இல் புறப்பட்டது. மழைக்காலத்தில் கபோ பள்ளத்தாக்கு வழியே சண்டை பிடித்து, டிசம்பரில் சின்ட்வின் ஆற்றைக் கடந்தார்கள். வெள்ளைச் சிப்பாயை விடக் குறைந்த சம்பளம்தான் அவர்களுக்கு.

அதற்கு முன்பே, 1944 பெப்ரவரி 12இல், மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த 'கெடிவ் இஸ்மாயில்' கப்பலை மாலைதீவுக் கடலில் ஜப்பான் நீர்மூழ்கி தாக்கியது. இரண்டு நிமிடத்துக்குள் மூழ்கியது. 1,297 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஆபிரிக்கப் பீரங்கிப் படையினர். அவர்கள் கொழும்பைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் தொண்ணூறு தாண்டிய வாப்பும்மா, உம்மும்மா யாராவது இருந்தால், அந்தச் சிப்பாய்களைப் பற்றிக் கேட்டு கீழே எழுதுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.