பூவென்னும் பெயர்



1492-ஆம் ஆண்டில் கொலம்பஸின் ஆட்கள், கியூபாத் தீவின் மக்கள் சுருட்டிய இலையைக் கொளுத்திப் புகைப்பதைக் கண்டனர். அவ்வழக்கம் பின்னர் ஸ்பெயின் வழியே ஐரோப்பாவில் பரவியது. வணிகம் வளரவே, அதற்கெனத் தனிச் சொற்களும் வளர்ந்தன. ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்', நம் 'சுருட்டு' கடல் கடந்து பெற்ற வடிவமே.

அத்தகைய சொல் ஒன்றை இன்று ஆராய்வோம். நெடுநாள் பெட்டியில் வைத்த சுருட்டின் மேலிலையில் சிலவேளை வெண்துகள் படியும். வணிகர் அதனைப் பூ எனப் பொருள்படும் 'புளூம்' என்றும், இறகு எனப் பொருள்படும் 'ப்ளூம்' என்றும் வழங்குவர். திராட்சையின் மேலுள்ள மெழுகுப் பொடிக்கும் ஆங்கிலத்தில் முதற்சொல்லே வழங்குகிறது. இலையின் எண்ணெய் கசிந்து படிகமாகிறது, அது முதிர்ச்சியின் அடையாளம் என்பது அவர்கள் கொள்கை. ஆயின், ஈரம் மிகுந்தால் பூசணமும் வெண்மையாகவே தோன்றும். உருப்பெருக்கியில் நூலிழைகளும் வித்துகளும் தென்பட்டால் அது பூசணமே.

பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற நான் இதில் ஒரு பாடம் காண்கிறேன். 'உப்புப் பூத்தது', 'நீறு பூத்த நெருப்பு' என்னும் நாம், 'பூசணம் பூத்தது' என்றும் கூசாது சொல்கிறோம். நம் வழக்கில் பூத்தல் நிகழ்ச்சியைக் கூறுமேயன்றி, நன்மைக்குச் சான்று பகராது. விற்பவர் சூட்டும் பெயரோ குறையையும் நிறைவாகக் காட்டக்கூடும்.

வரலாறு பயில்வோர் அழகிய பெயரைக் கண்டால், சூட்டியவர் யார், பயன்பெற்றவர் யார் என வினவுதல் வேண்டும். புகையிலையின் தீங்கை எப்பெயரும் மாற்றாது.