கடல் தாண்டிய அரங்கம் – 12: நிலவைக் காட்டிய விரல்

சென்ற வாரம் 1931-ஆம் ஆண்டின் பாரிஸ் காலனியக் கண்காட்சியில் நின்றோம். பாலித் தீவுக் கலைஞர்களின் ஆட்டத்தைப் பார்த்த அந்தோனன் ஆர்த்தோ, ஐரோப்பிய நாடகம் வெறும் பேச்சுக்குள் சிக்கிக் கிடக்கிறது என்று கொதித்தெழுந்ததைப் பார்த்தோம். அவருக்குப் பின் கிழக்கைத் தேடிவந்த மேற்கத்திய இயக்குநர்களின் பெயர்கள் எல்லா நாடக நூல்களிலும் இருக்கின்றன. கிழக்கிலிருந்து தனியாளாகப் புறப்பட்டுப் போய், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே உழைத்த ஒரு நடிகரின் பெயரோ அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அவர் யோஷி ஓயிடா.

பண்பாடுகளைக் கடந்த நாடகத்தின் வரலாறு இயக்குநர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுவிட்டது. அது பாதி வரலாறுதான். இரண்டு பண்பாடுகள் உண்மையில் மோதிக்கொள்ளும் இடம் நடிகரின் உடம்பு. கற்ற வித்தையை வைத்துக்கொள்வதா, உதறுவதா என்ற போராட்டம் அங்கேதான் நடக்கிறது. இந்த வாரம் அந்தப் போராட்டத்தின் கதை.

ஓசாகாவுக்கும் கோபேக்கும் நடுவே இருக்கும் தொழில் நகரம் அமகசாகி. ஓயிடா அங்கே 1933-இல் பிறந்தார். சின்ன வயதில் நிஞ்சாக் கதைகளைக் கேட்டு, யார் கண்ணிலும் படாமல் மறைந்துபோக வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை. டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். மேலை பாணி நவீன நாடகங்களிலும் தொலைக்காட்சியிலும் நடித்தபடியே, ஓகுரா பரம்பரை ஆசானிடம் கியோகென் பயின்றார்.

கியோகென் என்பது ‘நோ’ நாடகங்களுக்கு இடையே நடிக்கப்படும் நகைச்சுவை நாடகம். ‘நோ’வில் முகமூடி, மெல்லிய நடை, ஆவிகள், துயரம். கியோகெனில் ஏமாற்று வேலைக்காரன், அசட்டு எசமானன், வாய்விட்ட சிரிப்பு. இரண்டுக்கும் பயிற்சி முறை ஒன்றே. ஆசான் செய்து காட்டுவார். சீடன் அப்படியே செய்ய வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்விக்கு இடமில்லை. நடப்பது, சிரிப்பது, அழுவது எல்லாவற்றுக்கும் வகுத்த வடிவம் உண்டு. நம் கூத்து வாத்தியார்களிடம் அடவு பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1968-இல் பாரிஸிலிருந்து அழைப்பு வந்தது. புகழ்பெற்ற பிரெஞ்சு நடிகர் ழான்-லூயி பாரோ, தம் நாடக விழாவுக்காகப் பல நாட்டு நடிகர்களைக் கூட்டி ஒரு பட்டறை நடத்தும்படி ஆங்கில இயக்குநர் பீட்டர் புரூக்கைக் கேட்டிருந்தார். அதில் ஜப்பானியர் ஒருவர் வேண்டும். ஓயிடா போய்ச் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட நாடகம் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’. சேர்ந்த சில வாரங்களில் மே மாத மாணவர் கிளர்ச்சி வெடித்தது. பாரோவின் ஓதியோன் அரங்கை மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கம் சாய்ந்து பேசியதற்காகப் பாரோவின் பதவியே பிறகு போயிற்று. பட்டறையை மூட்டை கட்டிக்கொண்டு புரூக் லண்டன் போனார். அங்கே ரவுண்ட்ஹவுஸ் என்ற பழைய ரயில் எஞ்சின் கொட்டகையில் பார்வையாளர் முன் பயிற்சிகளைக் காட்டினார்.

அதில் ஓயிடாவுக்குக் கிடைத்த வேடம் ஏரியல் என்ற காற்றுத் தேவதை. கிமோனோவின் அகன்ற கைகளைச் சிறகாக்கி, ‘நோ’ மேடையின் அடிவயிற்றுக் குரலால் புயலை அழைத்தார். லண்டன் பார்வையாளர்கள் சொக்கிப்போனார்கள். இந்த வெற்றியில்தான் சிக்கலும் இருந்தது. தாய்நாட்டில் கற்ற வித்தையை அயல்நாட்டு மேடையில் எடுத்துவிட்டால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்தக் கைதட்டல் வித்தையின் புதுமைக்குப் போகிறதா, நடிப்புக்குப் போகிறதா? நாளைக்கும், மறுநாளும் அதே கிமோனோவை விரித்துக்கொண்டிருந்தால் அவர் ஒரு காட்சிப்பொருளாக நின்றுபோயிருப்பார். அதற்கு ஓயிடா உடன்படவில்லை. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த மறுப்பிலிருந்து கிளைத்தது என்றே நான் நினைக்கிறேன்.

1970-இல் புரூக் பாரிஸில் சர்வதேச நாடக ஆய்வு மையத்தைத் தொடங்கியபோது, ஓயிடா முதல் அணியில் இருந்தார். பொது மொழி, பொதுப் பண்பாடு எதுவும் இல்லாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் எதைக் கொண்டு பேசுவார்கள் என்பதே மையத்தின் கேள்வி. 1971-இல் ஈரானில், பெர்சிபோலிஸ் இடிபாடுகளுக்கு நடுவே ‘ஓர்காஸ்ட்’ நாடகம். கவிஞர் டெட் ஹியூஸ் அதற்காகவே ஒரு மொழியை உருவாக்கினார். அத்துடன் பழைய கிரேக்கமும் அவெஸ்தாவும் கலந்து ஒலித்தன. நடிகர்களில் எவருக்கும் அது தாய்மொழி இல்லை. பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுவோர் மத்தியில் திணறிக்கொண்டிருந்த ஜப்பானியருக்கு, எல்லோரும் சமமாகத் திணறும் மேடை அமைந்தது.

அடுத்து ஆப்பிரிக்கா. 1972 டிசம்பரில் புறப்பட்டு, சஹாராவைக் கடந்து, சுமார் நூறு நாள் பயணம். அல்ஜீரியா, நைஜர், நைஜீரியா, இன்று பெனின் எனப்படும் அன்றைய தகோமே, மாலி. கூட வந்தவர்களில் இளம் ஹெலன் மிர்ரனும் ஒருவர். ஊருக்குள் போய் ஒரு கம்பளத்தை விரிப்பார்கள். அதுதான் மேடை. ஒப்பனை இல்லை, விளக்கு இல்லை, எழுதிய நாடகம் இல்லை. சுற்றி நிற்கும் மக்கள் ஷேக்ஸ்பியரையும் அறியார், ‘நோ’வையும் அறியார். சஹாராவில் இன் சாலா என்ற ஊர்ச் சந்தையில் நடந்த முதல் ஆட்டத்தில், புழுதி படிந்த ஒரு சோடி பூட்ஸைக் கம்பளத்தின் நடுவே வைத்தார்கள். எல்லோர் கண்ணும் அந்தப் பூட்ஸ் மீது போனது. பூட்ஸ் எல்லோருக்கும் தெரியும். அதைப் போட்டுக்கொண்டால் ஒருவன் எப்படி மாறுவான் என்று நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து ஆடிக்காட்டினார்கள். பெரிய கதை எதுவும் இல்லாமலே அயலார் இருவருக்கு நடுவே நாடகம் பிறந்துவிட்டது.

நூற்றாண்டுகள் பழைய ஒரு மரபின் வடிவங்களைச் சுமந்துகொண்டு போன நடிகருக்கு அந்தக் கம்பளம் கடுமையான தேர்வு. பார்க்கிறவருக்கு இலக்கணம் தெரியாத இடத்தில், இலக்கணச் சுத்தத்துக்கு மதிப்பில்லை. மனித உறவு ஒன்று கண்முன் நடக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே மிஞ்சும்.

திரும்பி வந்த குழுவுக்கு 1974-இல் நிலையான இடம் கிடைத்தது. வடக்குப் பாரிஸில் 1952 முதல் பூட்டிக்கிடந்த பூஃப் துய் நோர் அரங்கம். சுவர்களில் காரை பெயர்ந்து, தீப்பட்ட தழும்புகளோடு நின்ற கட்டடத்தை மெருகேற்றாமல் அப்படியே பயன்படுத்தினார்கள். நம் வாசகர்கள் பலருக்கு இந்த இடம் தெரிந்திருக்கும், பெயர் தெரியாமலேயே! பாரிஸ் தமிழர்கள் ‘லாச்சப்பல்’ என்று அழைக்கும் பகுதியில், மெட்ரோ நிலையத்துக்கு அருகிலேயே அது நிற்கிறது. ஈழத்துப் புலம்பெயர்ந்தோரின் பலசரக்குக் கடைகளும் நகைக்கடைகளும் வரிசையாக இருக்கும் தெரு, ஆண்டுதோறும் பிள்ளையார் தேர் வரும் வட்டாரம். அங்கே நிற்கும் இந்த அரங்கத்தில்தான் புரூக்கின் மகாபாரதம் ஒத்திகை பார்க்கப்பட்டது.

அந்த மகாபாரதத்துக்கு வருவோம். ழான்-குளோத் காரியேர் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உழைத்து எழுதிய நாடகம், 1985 ஜூலையில் அவிஞோன் விழாவில் அரங்கேறியது. இடம் பூல்போன் என்ற ஊரின் கல் குவாரி. ஒன்பது மணி நேர நாடகம். சில நாட்களில் இரவெல்லாம் ஆடி விடியலில் முடிப்பார்கள். விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அனுபவத்தின் அருமை தெரியும். பீமனாக செனகலின் மமது தியும், திருதராஷ்டிரனாகப் போலந்து நடிகர் ஒருவர், பீஷ்மராக மேற்கு ஆப்பிரிக்கக் கதைசொல்லி மரபில் வந்த சொத்திகி குயாத்தே, திரௌபதியாக மல்லிகா சாராபாய். துரோணர், ஓயிடா.

வில்வித்தை ஆசானாக ஜப்பானியர் ஒருவரைப் போட்டதில் எளிய கணக்கு ஒன்று இருந்தது என்று யாரும் சந்தேகிக்கலாம். ஆனால் துரோணரின் சாவைப் பாருங்கள். அசுவத்தாமன் இறந்தான் என்ற செய்தி காதில் விழுகிறது. துரோணர் ஆயுதத்தைக் கீழே வைக்கிறார். தரையில் அமர்கிறார். ஒரு பாத்திரத்தை எடுத்து, அதிலிருக்கும் சிவப்பு நீரைத் தம் தலைமேல் தாமே ஊற்றிக்கொள்கிறார். அவசரம் இல்லை, அலறல் இல்லை. பக்கத்தில் ஜப்பானிய இசைக்கலைஞர் தோஷி சுசிதோரியின் தாளம். திருஷ்டத்யும்னன் வாளை ஓங்கும் முன்பே அந்த மனிதர் செத்துவிட்டார் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. பிள்ளையை இழந்த தகப்பனைத்தான் அங்கே பார்க்கிறோம். கியோகென் பயிற்சி எங்கே இருக்கிறது என்று தேடினால் முதுகெலும்பின் நிமிர்விலும் மூச்சின் நிதானத்திலும் இருக்கிறது. வெளியே எடுத்துக் காட்ட எதுவும் இல்லை.

இந்த நாடகத்தின்மீது கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. இந்திய நாடக அறிஞர் ருஸ்தம் பரூச்சா 1980-களின் இறுதியில் எழுதிய விமர்சனம் முக்கியமானது. இந்தியாவின் இதிகாசத்தை அதன் சமய, சமூக வேர்களிலிருந்து பிடுங்கி, உலகப் பொதுக்கதை என்ற பெயரில் மேற்கத்தியச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள் என்றார் அவர். ஆங்கில வடிவம் 1987, 1988-இல் நியூயார்க், டோக்கியோ என்று உலகைச் சுற்றியது. இந்தியாவில் மட்டும் அந்த மேடை நாடகம் நடக்கவில்லை. பரூச்சா சொன்னதில் பெரும்பகுதி நியாயம் என்றே நான் கருதுகிறேன். யார் பணத்தில், யார் தலைமையில், யாருக்காக இந்தப் பரிமாற்றம் என்ற கேள்வியை அழகைக் காட்டி மூடிவிட முடியாது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு ஓயிடாவைத் தொடவில்லை. அவர் அங்கே எதையும் எடுத்துக்கொண்டு போனவரல்லர். தம் மரபின் பெருமையை வெளிவேடமாகக் காட்டும் வசதியைக் கைவிட்டு, அயலார் நடுவே அன்றாடம் புதிதாகத் தொடங்கியவர்.

1993-இல் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸின் நூலை ஒட்டிப் புரூக் உருவாக்கிய நாடகம் ஒன்றில் நான்கே நடிகர்கள். மாறி மாறி மருத்துவராகவும் நோயாளியாகவும் நடித்தார்கள். மூளை பாதித்து, முகத்தின் ஒரு பாதியை மட்டும் சவரம் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நம்பும் நோயாளி வரும் காட்சியை அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். நால்வரில் ஒருவர் ஓயிடா. அப்போது அவருக்கு வயது அறுபது. அரிதாரமும் வில்லும் இதிகாசமும் இல்லாமல், நாற்காலியும் மேசையும் மட்டும்.

எழுத்திலும் ஓயிடா தம் அனுபவத்தைப் பதிவு செய்தார். லோர்னா மார்ஷலுடன் சேர்ந்து மூன்று நூல்கள். 1997-இல் வந்த இரண்டாவது நூலின் தலைப்பு, கண்ணுக்குத் தெரியாத நடிகர் என்று பொருள்படும். அந்த நூல் தத்துவத்தில் தொடங்கவில்லை. தரையைத் துடைப்பதில் தொடங்குகிறது. ஈரத்துணியை இரு கைகளாலும் அழுத்தி, இடுப்பை உயர்த்தி, ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை ஓடி ஓடித் துடைக்க வேண்டும். பிறகு உடம்பின் ஒன்பது துவாரங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒன்பது வாசல் கதை நமக்குச் சித்தர்கள் சொன்னதுதான். ஆனால் அதை நடிப்புப் பயிற்சியின் முதல் பாடமாக வைத்தவரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அதே நூலில் அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி நாடகக்காரர்கள் மத்தியில் மிகவும் பிரபலம். முதிய கபுகி நடிகர் ஒருவர், நிலவைச் சுட்டும் முத்திரையைத் தம்மால் கற்றுத்தர முடியும், ஆனால் விரல் நுனி வரைதான் என்பார். விரல் நுனியிலிருந்து நிலவுவரை உள்ள தூரம் நடிகரின் சொந்தப் பொறுப்பு. ஒரு நடிகர் சுட்டும்போது கையின் அழகைப் பார்வையாளர்கள் ரசிக்கிறார்கள். இன்னொருவர் சுட்டும்போது நிலவைப் பார்க்கிறார்கள், கையை மறந்துவிடுகிறார்கள். இரண்டாமவராக இருக்கவே ஓயிடா விரும்பினார். லண்டனில் கிமோனோவை விரித்த அந்த நாளையும் துரோணரின் பாத்திரத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்தத் தூரத்தை அவர் நடந்தே கடந்தது தெரியும்.

இயக்குநராக அவர் செய்த வேலைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1956-இல் டோக்கியோவில் ‘சுமிதகவா’ என்ற ‘நோ’ நாடகத்தைப் பார்த்தார். தொலைந்த மகனைத் தேடி ஆற்றங்கரைக்கு வரும் பித்துப்பிடித்த தாயின் கதை. அதையே தேவாலயத்தில் பாடும் கிறித்தவக் கதையாக மாற்றி, 1964-இல் ‘கர்லூ ரிவர்’ என்று படைத்தார். 1998-இல் தென்பிரான்சின் எக்ஸ் விழாவில் அதை இயக்கியவர் ஓயிடா. ஜப்பானில் பிறந்து, இங்கிலாந்தில் மதம் மாறிய கதை, பிரான்சில் ஒரு ஜப்பானியர் கையில் வந்து சேர்ந்தது. அந்தத் தாயின் துக்கம் எந்த ஊர்ப் பாஸ்போர்ட்டும் கேட்கவில்லை. 2007-இல் பிரிட்டனின் ‘டெத் இன் வெனிஸ்’ இசைநாடகத்தை ஆல்டபரோ விழாவில் இயக்கினார்.

திரைப்படத்தில் அவரைப் பார்த்தவர்கள் அதிகம் இருக்கலாம். பீட்டர் கிரீனவேயின் 1996-ஆம் ஆண்டுப் படமான ‘த பில்லோ புக்’கில் பதிப்பாளர் வேடம். 2016-இல் மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘சைலன்ஸ்’ படத்தில், நம்பிக்கையை விடாததற்காகக் கடலோரச் சிலுவையில் கட்டப்பட்டு அலையடித்துச் சாகும் கிராமத்துப் பெரியவர் இச்சிசோ. எண்பது வயதைத் தாண்டிய உடம்பு அந்த வேடத்தைத் தாங்கியது.

பீட்டர் புரூக் 2022 ஜூலையில் 97-ஆம் வயதில் மறைந்தபோது உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுதத்தான் வேண்டும். அந்தப் பக்கங்களில் நடிகர்களுக்குக் கிடைத்த இடம் போதாது என்பதே என் குறை.

மகாபாரத நாடகத்தைப் புரூக் 1989-இல் படமாகவும் எடுத்தார். கூத்துக் கலைஞர்களும் நாடகம் பழகும் இளைஞர்களும் அதில் துரோணர் இறக்கும் காட்சியையாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்த்த பிறகு, நம் ஊர்க் கூத்தில் துரோணர் வேடம் கட்டுகிறவரிடம் போய்ப் பேசுங்கள்.

அடுத்த வாரம்: ஒடிசி நடனக் கலைஞர் சஞ்சுக்தா பாணிக்ரஹியும் இத்தாலியரான யூஜெனியோ பார்பாவும்.

(தொடரும்)